ஒரே காலிமுகத்திடல், இரண்டு ஒளிமீற்றர், இரண்டு கணக்கு

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார். கனடாவிலிருந்து வந்த மாமா தன்னுடைய பழைய லைக்கா எம்6 கமராவை 50 மி.மீ. லென்ஸோடு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் அப்பாவின் கனன் கனோனெட் கியூஎல்17 ஜி3 ஏற்கெனவே உண்டு. இரண்டையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு பின்னேரம் ஐந்தரைக்குக் காலிமுகத்திடலுக்குப் போனவர், கடலைப் பின்னால் வைத்துத் தங்கச்சியைப் படம் பிடிக்கப் பார்த்தார். இரண்டிலும் ஐஎஸ்ஓ 200 பிலிம், இரண்டிலும் 1/125 வேகம். வெளிச்சத்தை அளந்து லென்ஸ் துளையை எவ்வளவு திறக்க வேண்டும் என்று சொல்லும் மீற்றர் இரண்டிலும் உண்டு. கனோனெட்டின் ஊசி எஃப் 11 என்றது, எம்6 எஃப் 5.6 என்றது (எண் கூடினால் துளை சின்னது). எம்6தான் பழுது என்று முடிவுகட்டி இரண்டிலும் எஃப் 11இலேயே எடுத்தாராம். கழுவி வந்ததில் இரண்டு ரோலிலும் தங்கச்சி நிழற்பொம்மை மாதிரி. "எந்த மீற்றர் பிழை? வியூஃபைண்டர் யன்னலின் நடுவில் தெரியும் சின்னக் கட்டத்துக்குள் இருப்பதைத்தானே மீற்றர் பார்க்கிறது?" இதுதான் கேள்வி.

தம்பி, எம்6 சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கனோனெட்டில் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். அந்தச் சின்னக் கட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். அது குவியம் பார்க்க மட்டும். இரட்டையாகத் தெரியும் உருவத்தை ஒன்றாக்குவதற்காக வைத்தது. மீற்றருக்கும் அதற்கும் ஒரு தொடுப்பும் இல்லை. நடுவில் இருப்பதால் எல்லோரும் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள், நானும் இரண்டு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

உங்கள் இரண்டு கமராவும் ரேஞ்ச்ஃபைண்டர் வகை. அந்த வகையில் உள்ள சிக்கலே இதுதான். உள்ளே கண்ணாடி வைத்த எஸ்எல்ஆர் கமரா என்றால் லென்ஸ் பார்ப்பதைத்தான் நீங்களும் பார்க்கிறீர்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் நீங்கள் பார்ப்பது மூலையில் உள்ள ஒரு யன்னல் வழியாக, பிலிம் பார்ப்பது லென்ஸ் வழியாக, மீற்றர் பார்ப்பது சில கமராக்களில் மூன்றாவது ஒரு கண்ணால். மூன்று பேரும் ஒரே காட்சியைத்தான் பார்க்கிறார்கள் என்று நாம் நம்பிக்கொள்கிறோம். மீற்றர் எவ்வளவு இடத்தைப் பார்க்கிறது என்று வியூஃபைண்டரில் ஒரு கோடும் காட்டாது. அதை நாங்களே தலைக்குள் வரைந்துகொள்ள வேண்டும்.

மீற்றருக்கு முகம், கடல், வானம் என்றெல்லாம் தெரியாது. அதற்குத் தரப்பட்ட பரப்பில் உள்ள வெளிச்சத்தை எல்லாம் ஒன்றாகக் கலந்து, வருவது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்குச் சொல்லும். உங்கள் கனோனெட்டுக்குக் கிடைத்த கலவையில் பெரும்பங்கு பளபளக்கும் கடலும் மேற்கு வானமும். எம்6க்குக் கிடைத்ததில் பெரும்பங்கு தங்கச்சியின் முகமும் சட்டையும். கேட்டது வேறு, பதிலும் வேறு. எம்6 சொன்ன 5.6இல் எடுத்திருந்தால் வானம் கொஞ்சம் வெளுத்திருக்கும், ஆனால் பிள்ளையின் முகம் வந்திருக்கும்.

கொழும்பில் கடல் மேற்கில். அதனால் பின்னேரத்தில் கடலோரம் எடுக்கும் படம் எல்லாமே எதிர்வெளிச்சப் படம்தான். மருதானைப் பக்கமிருந்து வரும் கரையோர ரயிலின் கதவில் நிற்பவரை எடுத்தாலும், வெள்ளவத்தைத் தண்டவாளத்தில் நடப்பவரை எடுத்தாலும் இதே கதை. திருகோணமலை, மட்டக்களப்பு ஆட்களுக்கு இந்தத் தலையிடி விடியற்காலையில் வரும்.

சரி, எம்6க்கு உள்ளே ஒருக்கால் பார்ப்போம். நிழலான இடத்தில் லென்ஸைக் கழற்றுங்கள். பிலிம் லீவரை இழுத்து ஷட்டரை ஏற்றுங்கள். கறுப்புத் துணித் திரையின் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும், நெற்றியில் விபூதிப் பொட்டு வைத்த மாதிரி. 12 மி.மீ. விட்டம். விரலால் தொட்டுப் பார்க்க ஆசை வரும், தொடாதீர்கள். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் அந்தப் பொட்டில் பட்டுத் திரும்பும். உள்ளே மேல் மூலையில் இருக்கும் சிலிக்கன் உணரி அதைப் பார்த்து அளக்கும். பொட்டுக்கு வெளியே விழுவதைக் கறுப்புத் துணி விழுங்கிவிடும். 1984இல் வந்த எம்6இன் மீற்றர் முழுவதும் இவ்வளவுதான். பின்னால் வந்த எம்6 டிடிஎல், எம்7, எம்பி எல்லாம் இதே முறையில் நடப்பவை.

ஷட்டரை ஏற்றாமல் பொத்தானை அழுத்தினால் மீற்றர் எழும்பாததற்கும் காரணம் இந்தப் பொட்டுத்தான். ஏற்றினால்தான் அது தன் இடத்துக்கு வரும். "மீற்றர் செத்துவிட்டது" என்று என்னிடம் கொண்டுவந்த இரண்டு எம்6களில் ஒன்றுக்கு நான் செய்த வைத்தியம் லீவரை இழுத்ததுதான்.

இடையில் ஒரு எச்சரிக்கை. எம்6இல் லென்ஸுக்கும் திரைக்கும் நடுவில் எஸ்எல்ஆரைப் போல மறைக்கும் கண்ணாடி கிடையாது. காலிமுகத்திடலில் மூடி போடாமல், வெயிலைப் பார்த்தபடி கமராவை வைத்துவிட்டு இறால் வடை சாப்பிடப் போகாதீர்கள். லென்ஸ் உருப்பெருக்கிக் கண்ணாடி வேலை பார்த்துத் துணித் திரையில் ஓட்டை போட்டுவிடும்.

இனிக் கணக்குக்கு வருவோம். பிலிம் சட்டம் 24க்கு 36 மி.மீ. பொட்டு 12 மி.மீ. வட்டம். பரப்பில் ஏறத்தாழ 13 வீதம். உயரத்தில் சரி அரைவாசி. ஆகவே, நீங்கள் எந்த லென்ஸ் போட்டிருந்தாலும், வியூஃபைண்டரில் அந்த லென்ஸின் பட எல்லையைக் காட்டும் சட்டக் கோட்டுக்குள் குறுகிய பக்கத்தின் அரைவாசியை விட்டமாகக் கொண்ட ஒரு வட்டத்தை நடுவில் கற்பனை செய்யுங்கள். வியூஃபைண்டரில் தெரியும் கோடுகள் உண்மையில் பிலிமில் விழுவதை விடக் கொஞ்சம் சிறிதாக இருப்பதால், வட்டத்தை அரைவாசிக்கு மேலே ஒரு துளி பெரிதாக நினைத்தால் நல்லது.

ஆனால் கோட்டை வைத்து நினைப்பதை விட, இடத்தை வைத்து நினைப்பது எனக்கு இலகு. 50 மி.மீ. லென்ஸில் அந்த வட்டத்தின் விட்டம், நீங்கள் நிற்கும் தூரத்தில் கால் பங்கு. இரண்டு மீற்றரில் நிற்பவர் மேல் அரை மீற்றர் வட்டம், அதாவது தலையும் தோளும் நெஞ்சும். 35 மி.மீ. போட்டால் தூரத்தில் மூன்றிலொன்று. 90 போட்டால் பழைய வாய்ப்பாட்டில் சொல்வார்களே அரைக்கால், எட்டிலொன்று, அதை விடச் சற்றுக் கூட. 28 என்றால் அரைவாசிக்குக் கிட்ட. கால், மூன்றிலொன்று, அரைக்கால். இந்த மூன்றையும் மனப்பாடம் செய்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம்.

தங்கச்சி எத்தனை மீற்றர் தூரத்தில் நின்றார் என்று நீங்கள் சொல்லவில்லை. இரண்டு மீற்றர் என்றால் வட்டம் அரை மீற்றர், அவருடைய உடம்புக்குள் அடங்கிவிடும். எம்6 சரியாகச் சொன்னதன் ரகசியம் அதுதான். அதே லென்ஸோடு ஆறு மீற்றர் தூரத்துக்குப் பின்னால் போய் நின்றிருந்தால் வட்டம் ஒன்றரை மீற்றர். ஆள் நடுவில், இரண்டு பக்கமும் கடல். அப்போது எம்6உம் கனோனெட்டின் பக்கம் சாய்ந்திருக்கும்.

எம்6 வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி. முன்பக்கம் சட்டக் கோடுகளை மாற்றிப் பார்க்கும் சின்ன லீவர் இருக்கிறதல்லவா? 50 லென்ஸ் போட்டிருக்கும்போது அதைத் தள்ளி 28/90 சோடியை வரவழையுங்கள். உள்ளே தெரியும் 90இன் சட்டம் எவ்வளவு உயரமோ, ஏறத்தாழ அவ்வளவுதான் உங்கள் 50இன் அளவு வட்டத்தின் விட்டம். 35 போட்டிருந்தால் 50/75 சோடியை வரவழைத்து, 75இன் மூலைக்குறிகளுக்கு இடைப்பட்ட உயரத்தைப் பாருங்கள். கணக்கில் ஒரு மி.மீ. முன்பின் இருக்கும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நான் புதிதாக ஒருவருக்கு எம்6 சொல்லிக்கொடுத்தால் குவியத்துக்கு முன்பே இதைத்தான் காட்டுவேன்.

வட்டத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் இருக்குமா என்றால், இராது. இதை நான் சோதித்தது 2022 மார்ச்சில், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் கிடந்த நாட்களில். மின்விசிறியும் இல்லை, செய்ய வேலையும் இல்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி, இரண்டு மீற்றர் தள்ளிக் கமராவை முக்காலியில் நிறுத்தினேன். எம்6 கணக்குச் சொல்வது வியூஃபைண்டருக்குள் எரியும் இரண்டு அம்பு விளக்குகளால்; இரண்டும் ஒன்றாக எரிந்தால் அளவு சரி. சுடர் நடுவில் இருக்கும்போது இரண்டு அம்புகளும் ஒன்றாக எரியும்படி துளையைச் சரி செய்துகொண்டேன். பிறகு மனைவி மெழுகுதிரியை மேசையோரமாக மெதுவாக நகர்த்த, நான் வியூஃபைண்டருக்குள் அம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சாண் போகும் வரை அசைவில்லை. ஒரு சாணைத் தாண்டியதும் ஒரு அம்பு மங்கத் தொடங்கியது. இன்னும் இரண்டு விரற்கடை போனதும் அது அணைந்தது. கணக்குப்படி மையத்திலிருந்து விளிம்பு 24 சென்ரிமீற்றர். என் மனைவியின் சாண் அதற்கு மட்டுமட்டாக வரும். "இதற்கா என்னைக் கூப்பிட்டீர்கள்" என்றாள், அது வேறு கதை.

உங்கள் கமராவுக்கும் இந்தச் சோதனையை ஒரு தடவை செய்து பாருங்கள், மின்வெட்டு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. புத்தகத்தில் படித்தது மறக்கும், மெழுகுதிரி மறக்காது.

இப்போது கனோனெட். அதன் லென்ஸ் முகப்பை நேராகப் பாருங்கள். கண்ணாடிக்கு மேலே, ஃபில்டர் வளையத்துக்கு உள்ளேயே, சின்னதாக ஒரு கண் இருக்கும். அதற்குப் பின்னால் இருப்பது காட்மியம் சல்பைட் கலம். லென்ஸ் வழியாக அது பார்ப்பதில்லை, லென்ஸுக்குப் பக்கத்தில் இருந்து தனியாகப் பார்க்கிறது. ஃபில்டர் வளையத்துக்குள் இருப்பதால் மஞ்சள் ஃபில்டர் போட்டால் அதற்கும் சேர்த்துக் கணக்குச் சொல்லும், அது ஒரு வசதி. ஆனால் அதற்குப் பொட்டும் இல்லை, கறுப்புத் துணியும் இல்லை. காட்சியை அகலமாக அள்ளிக்கொள்ளும்.

எவ்வளவு அகலம்? இதற்கு மெழுகுதிரி சரிவராது. கனோனெட்டின் ஊசி இருட்டில் கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சமும் அதற்குக் காணாது. பகலில், அறையின் உள்ளே நின்று, வெளிச்சமான யன்னலுக்குப் பக்கத்துச் சுவரைப் பாருங்கள். பிறகு மெதுவாக யன்னல் பக்கம் திரும்புங்கள். எங்கள் வீட்டுக் கனோனெட்டில், யன்னல் சட்டக் கோட்டின் ஓரத்துக்கு வந்தவுடனேயே ஊசி நகரத் தொடங்கியது. மேல் பக்கம் இன்னும் மோசம். வானம் சட்டத்துக்குள் எட்டிப் பார்த்தாலே போதும், ஊசி ஓடும். அதனால் கனோனெட்டில் நான் கணக்கெடுக்கும்போது கமராவைக் கொஞ்சம் கீழே குனிய வைத்துத்தான் எடுப்பேன்.

கனோனெட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்தால் ஊசி அப்படியே பூட்டிக்கொள்ளும். தங்கச்சிக்குக் கிட்டப் போய், முகமும் உடம்பும் சட்டத்தை நிரப்பும்படி நின்று, பாதி அழுத்தி, விரலை எடுக்காமல் பின்னால் நடந்து வந்து, சட்டம் பார்த்து முழுதாக அழுத்துங்கள். கூச்சமாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். கிட்டப் போக முடியாவிட்டால் லென்ஸில் உள்ள ஏஎஸ்ஏ (ஐஎஸ்ஓவின் பழைய பெயர்) வளையத்தை 200இலிருந்து 50க்குத் திருப்புங்கள். இரண்டு ஸ்டொப் கூடுதலாக வெளிச்சம் விழும் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). எடுத்து முடிந்ததும் மறக்காமல் திரும்ப 200இல் வையுங்கள். நான் மறந்த தடவைகளை எண்ண ஒரு கை போதாது.

வேறு கமரா வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஓட்டமாகச் சொல்கிறேன். யாஷிகா எலக்ட்ரோ 35இல் கண் கமராவின் நெற்றியில், வியூஃபைண்டர் யன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஃபில்டர் போட்டால் அதற்குத் தெரியாது, ஏஎஸ்ஏயை நீங்கள்தான் குறைக்க வேண்டும். வோய்க்லாண்டர் பெஸ்ஸா ஆர் வரிசை எம்6ஐப் போல லென்ஸ் வழியாகவே பார்த்தாலும், ஷட்டர்த் தகட்டில் பூசிய வெளிர்நிறப் பட்டையைப் படிப்பதால் அதன் பார்வை எம்6ஐ விட அகலம். 1971இன் லைக்கா எம்5இலும் 1973இன் சிஎல்லிலும் ஒரு குட்டிக் கை லென்ஸுக்குப் பின்னால் எழும்பி நின்று அளந்துவிட்டு, ஷட்டர் திறக்கும் முன்பு ஒளிந்துகொள்ளும். அழகான யோசனை. ஆனால் பின்புறம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் சில பழைய அகல லென்ஸ்களைப் போட்டால் அந்தக் கையில் இடிபடும், கவனம். எம்3, எம்2 காலத்து லைக்காக்களில் மீற்றரே கிடையாது. தலையில் செருகும் எம்ஆர் மீற்றர் 90 மி.மீ. லென்ஸ் பார்க்கும் அளவைப் பார்க்கும், நீங்கள் எந்த லென்ஸ் போட்டிருந்தாலும் சரி.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 1969இன் ஒலிம்பஸ் 35 எஸ்பி. சாதாரணமாக அகலமாகப் பார்க்கும். பின்பக்கம் உள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் 6 பாகை மட்டும் பார்க்கும். உங்கள் எம்6இல் 50 லென்ஸோடு அந்த வட்டம் ஏறத்தாழ 14 பாகை, 90 லென்ஸோடு ஏழரை. யோசித்துப் பாருங்கள், சட்டைப்பைக்குக் கொஞ்சம் பெரிதான ஒரு குடும்பக் கமராவில் அந்த வசதி. அது ஏன் மற்றவர்களால் பின்பற்றப்படவில்லை என்று எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

வட்டம் லென்ஸோடு சேர்ந்து மாறும் என்று மேலே சொன்னேன். அதை நான் கற்றது அக்காவின் மகளுடைய கல்யாணத்தில். பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபம். மணவறைக்கு முன்னால் மூன்று மீற்றரில் நின்று, 50 போட்டு, ஒரு அளவு எடுத்தேன். வட்டத்துக்குள் மாப்பிள்ளை பாதி, பெண்ணின் அரக்குச் சிவப்புக் கூறை பாதி. வெள்ளையும் கடும் நிறமும் கலந்து நல்ல நடுநிலை வந்தது. தாலி கட்டும் நேரம் கிட்டத் தெரிய வேண்டும் என்று 90ஐ மாட்டினேன். மீற்றர் வேறு எண் சொன்னது. "லென்ஸ் மாறினால் மாறும்தானே" என்று யோசிக்காமல் அதையே வைத்தேன். மூன்று மீற்றரில் 90இன் வட்டம் 40 சென்ரிமீற்றர். அந்த 40 சென்ரிமீற்றரும் மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டுச் சால்வை மட்டும். மீற்றர் அந்தச் சால்வையைச் சாம்பலாக்கியது. தாலி கட்டும் ஏழு படங்களிலும் மாப்பிள்ளையின் சால்வை ஊத்தையாகவும் பெண்ணின் முகம் இருட்டாகவும் வந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வரவேற்பறையில் மாட்டியிருப்பது வேறு ஒருவர் கைபேசியில் எடுத்த படம்.

வெள்ளையைப் பார்த்து எடுத்தால் ஒன்றரை, இரண்டு ஸ்டொப் திறக்க வேண்டும். கறுப்பைப் பார்த்து எடுத்தால் அதே அளவு மூட வேண்டும். கறுப்புக்குக் கொழும்பிலேயே மிகச் சிறந்த பாடம் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எடுத்துக் கட்டுவித்த கோயில் அது. வண்ணம் பூசாத தூண்கள், எண்ணெய் பட்டு இன்னும் கறுத்தவை. எம்6இன் வட்டம் தூணுக்குள் அடங்கினால் மீற்றர் 1/15 கேட்கும். கேட்டதைக் கொடுத்தால் தூண் சீமெந்துத் தூண் மாதிரி வெளிறி வரும், விளக்கின் சுடர் வெள்ளைத் திட்டாகும். 1/60இல் எடுங்கள், கல் கல்லாக வரும், கையும் ஆடாது. உள்ளே படம் எடுக்கலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், அது மீற்றரை விட முக்கியம்.

புறக்கோட்டையில் சம்மாங்கோட்டுப் பள்ளி என்று சொல்லும் சிவப்புப் பள்ளிவாசல் இதற்கு நேர் எதிர். சிவப்பும் வெள்ளையும் வரி வரியாகக் கலந்து நிற்பதால் 35 லென்ஸோடு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று சுவரை மட்டும் பார்த்தால் வட்டத்துக்குள் இரண்டு நிறமும் சேர்ந்து, எண் ஏறத்தாழ சரியாகவே வரும். வானத்தைச் சேர்க்காத வரை. கோபுரங்கள் வேண்டும் என்று கமராவை நிமிர்த்தினால் வட்டத்துக்குள் வானம் வந்துவிடும். சுவரைப் பார்த்து எண்ணை வைத்துவிட்டு, பிறகு நிமிர்த்துங்கள், அம்புகள் சத்தம் போட்டாலும் கணக்கெடுக்காதீர்கள். எம்6 கையால் வைக்கும் கமரா. வைத்த எண் நீங்கள் மாற்றும் வரை மாறாது, அதுதான் அதன் பெரிய பலம்.

நடுச்சாம்பலுக்கு அட்டை வாங்கத் தேவையில்லை. வெயிலில் கிடந்து வெளிறிய பழைய தார் ரோட்டு கிட்டத்தட்ட அந்த நிறம்தான், உங்கள் தெருவிலேயே உண்டு. பச்சைப் புல்லும் சரி. காலிமுகத்திடலுக்குப் புல்வெளி என்று பெயர், ஆனால் பாதி நாள் மண்தான் தெரியும், அதை நம்ப வேண்டாம். எல்லாவற்றையும் விட உள்ளங்கை. உங்களுக்கு விழும் வெளிச்சமும் படத்தில் உள்ளவருக்கு விழும் வெளிச்சமும் ஒன்றாக இருந்தால், கையை விரித்து, வட்டம் நிரம்பும்படி கிட்டப் பிடித்து, அளந்து, ஒரு ஸ்டொப் திறந்துகொள்ளுங்கள். குவியம் பார்க்கத் தேவையில்லை. நம்மவர்களின் முகம் கறுத்திருந்தாலும் உள்ளங்கை வெளிர்தான், அதனால் இந்த ஒரு ஸ்டொப் கணக்கு பெரும்பாலும் பொருந்தும். காலிமுகத்திடலில் அதைச் செய்யும்போது கையைத் தங்கச்சியின் முகம் திரும்பியிருக்கும் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும், சூரியன் பக்கம் பிடித்தால் வேலைக்காகாது.

நெகட்டிவ் பிலிமில் சந்தேகம் வந்தால் கூடுதலாக வெளிச்சம் விடுங்கள். ஒரு ஸ்டொப், ஏன் இரண்டு கூடினாலும் நெகட்டிவ் தாங்கும். குறைந்தால் நிழலில் ஒன்றும் பதியாது, பதியாததை எந்த ஸ்கானரும் கொண்டுவராது. ஸ்லைட் பிலிம் போடுபவர்களுக்கு இது தலைகீழ்.

இனி அந்தச் சந்தேகம். கனோனெட்டுக்குள் அப்பா காலத்தில் போட்டது 625 அளவு பாதரச பற்றரி, 1.35 வோல்ட். பாதரசம் விற்பனையிலிருந்து எடுபட்டுவிட்டது. இப்போது அதே அளவில் கிடைப்பது அல்கலைன், 1.5 வோல்ட். வோல்ட் கூடினால் அந்த மீற்றர் வெளிச்சம் கூட இருப்பதாக நினைத்து, துளையை அளவுக்கு மேல் மூடும். உங்களுக்கு நடந்ததும் அதே பக்கம்தான். ஆகவே அந்த இரண்டு ஸ்டொப்பில் வானத்தின் பங்கு எவ்வளவு, பற்றரியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும்.

அதற்கு வழி சுலபம். சுவரை எடுங்கள். நிழலான, ஒரே நிறமான, பெரிய சுவர். ஒரு மீற்றர் தூரத்தில் நின்று இரண்டு கமராவாலும் சுவரை மட்டும் பாருங்கள். சட்டம் முழுக்க ஒரே வெளிச்சம் என்றால் பொட்டு பெரிதா சிறிதா என்பது ஒரு பொருட்டே இல்லை, இரண்டும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். அரை ஸ்டொப் முன்பின் இருந்தால் விட்டுவிடுங்கள், ஐம்பது வருடக் கமராவிடம் அதற்கு மேல் கேட்பது பாவம். கனோனெட் ஒரு ஸ்டொப் கூட மூடினால் பற்றரியை மாற்றுங்கள். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 துத்தநாகக் காற்றுப் பற்றரி 1.4 வோல்ட், பாதரசத்துக்கு மிகக் கிட்ட. அளவில் சின்னது, சுற்றிவர ஒரு ரப்பர் வளையம் போட்டால் உட்காரும். ஒட்டியிருக்கும் தாளை உரித்தவுடன் உயிர் பெறும், இரண்டு மூன்று மாதத்தில் முடியும், நீங்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். மாற்றியபின் மறுபடி அதே சுவர், அதே நேரம். அப்போதும் ஒரு ஸ்டொப் தள்ளி நின்றால் கலம் கிழடாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, ஏஎஸ்ஏ வளையத்தை நிரந்தரமாக 100இல் வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டுக் கனோனெட் பல வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.